கால் வயிற்றுக்குத் துணை நின்றவர்களுக்கு

மும்பை செம்பூர் சேடா நகர்க்காரர்களுக்கும், ஹார்பர் லைன் ரயில் தோழிகளுக்கும், மருத்துவமனையில் என்னைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம். ஆளுக்கொரு மூலையில் இருப்பதால் நன்றியை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு என்ன நோய் என்று பலருக்குத் தெரியாது. இளைத்ததைப் பார்த்து எந்த டயட் என்று ஆசையாகக் கேட்டவர்களும் உண்டு. டயட் எல்லாம் இல்லை. நெடுநாள் சர்க்கரை முதலில் பாதத்து நரம்புகளைத் தொட்டது, எரிச்சல், மரமரப்பு. அப்புறம் வயிற்றுக்குப் போகும் வேகஸ் நரம்பையும் விடவில்லை. அந்த நரம்பு ஒழுங்காக வேலை செய்தால்தான் இரைப்பை சாப்பாட்டை அரைத்துக் குடலுக்குத் தள்ளும். அது சோர்ந்துபோனால் காலையில் தின்ற இட்லி சாயங்காலமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். நாலு வாய் போனதும் வயிறு முட்டிவிடும். கேஸ்ட்ரோபரேசிஸ் என்கிறார்கள்.

ஒரு கிளினிக்கில் ரொம்ப நாள் கேஸ் மாத்திரையிலேயே ஓட்டினார்கள். அதை விடுங்கள். முதல் நன்றி, "ராத்திரி சாப்பிட்டது காலை வாந்தியில் தெரிகிறதா? கால் மரத்துப் போகிறதா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்ட இளம் டாக்டருக்கு. அதுவரை என் காலையும் வயிற்றையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. எண்டோஸ்கோபியில் அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்ததும், துளி கதிரியக்கப் பொருள் கலந்த சாப்பாட்டைக் கொடுத்து, வயிறு எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்று படம் எடுத்தார்கள். 4 மணி நேரம் கழித்து 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம் என்று கணக்கு. எனக்குத் தாராளமாகவே தங்கியிருந்தது. அவ்வளவு நேரமும் பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்த டெக்னீஷியன் தம்பி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

டயட்டீஷியன் அம்மாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். அச்சடித்த தாளை நீட்டாமல், உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள் என்றுதான் ஆரம்பித்தார். சர்க்கரைக்காரர்களுக்கு எல்லோரும் சொல்வது கீரை, வாழைத்தண்டு, கம்பு, பச்சைக்காய். என் வயிற்றுக்கு அதெல்லாம் ஆகாது. நார் இரைப்பையிலேயே தங்கி உருண்டையாகத் திரண்டுவிடலாம். எண்ணெயும் நெய்யும் இன்னும் மெதுவாக்கும். குழைந்த சாதம், பருப்பு, ரசம், தோல் சீவி மசித்த காய், அதுவும் மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்து. திடமானதைவிட நீர்த்தது சீக்கிரம் இறங்கும் என்பதால் மோசமான நாட்களில் வடிகட்டிய சூப்பும் மோரும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. முருங்கைக்கீரைப் பொரியலை விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இன்சுலின் ஊசி இன்னொரு தலைவலி. சாப்பாடு வயிற்றிலேயே நிற்க, மருந்து முந்திக்கொண்டு சர்க்கரையை இறக்கிவிடும். சாப்பாடு மெதுவாக இறங்கிய பிறகு சர்க்கரை ஏறும். டாக்டர் ஊசி நேரத்தை மாற்றித் தருவதற்கு முன்னால், சுன்னாபட்டி தாண்டியதும் ரயிலில் கை நடுங்கி வேர்த்துவிட்டது. லேடீஸ் கம்பார்ட்மென்டில் யாரோ பிஸ்கட் நீட்ட, "பிஸ்கட் வேண்டாம், தண்ணியாகக் கொடு" என்று அதட்டி, தன் பாட்டிலில் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தாளே என் மராத்தித் தோழி, அவளுக்கு எந்த மொழியில் நன்றி சொல்ல? என்றோ நான் புலம்பியதை அவள் மறக்கவில்லை.

மருந்துக் கடை அண்ணாச்சிக்கும் நன்றி. வயிறு சாப்பாட்டைத் தள்ள நான் சாப்பிடும் மாத்திரை டாம்பெரிடோன். சளிக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கை எடுத்துத் தருவதற்கு முன், "டாம்பெரிடோன் சாப்பிடுகிறீர்களே, டாக்டரிடம் ஒரு போன் போடுங்கள்" என்றார். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பைக் குழப்பலாமாம்; டாக்டர் உடனே வேறு எழுதினார். அதனால், என் மாத்திரைப் பெயரை வாங்கிக்கொண்டு போய்த் தாங்களே வாங்கிப் போடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

வீட்டுக்காரர் தினமும் மிக்ஸி ஓட்டுகிறார். ராத்திரி சாப்பிட்டதும் முருகன் கோயில் வரை நடத்திக் கூட்டிப் போகிறார். ஆனால் நான் எதிர்பார்க்காதது அத்தையைத்தான். வேண்டாம் என்ற பிறகும் ஒரு கரண்டி வைக்காமல் விடாதவர் என் மாமியார். சொந்தத்தில் ஒரு கல்யாணம், மாட்டுங்காவில். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு, பரிமாற வந்த ஒவ்வொருவரிடமும், "அவளுக்கு ரசம் மட்டும் ஊற்று, மிச்சத்தை எனக்கு வை" என்று காவல் காத்தார். எதிர் இலைக்காரர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். அத்தை கண்டுகொள்ளவே இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்று நாலு பேருக்கு விளக்கும் வேலை அன்று எனக்கு இல்லாமல் போனது. இந்த நோயில் பாதிக் களைப்பு அந்த விளக்கம் சொல்வதில்தான் வருகிறது.

நோய் போய்விடவில்லை, நல்ல நாளும் வருகிறது, குமட்டும் நாளும் வருகிறது. நவராத்திரி கொலுவுக்கு எப்போதும்போல் அழையுங்கள், கட்டாயம் வருகிறேன். சுண்டலை மட்டும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்காரர் சாப்பிடுவார்.