ஆற்காடு சாலை வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மாவு மில்லிலிருந்து ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கோடம்பாக்கத்தில் தொடங்கி வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம் வழியாகப் போரூர் சந்திப்பு வரை செல்லும் ஆற்காடு சாலையின் நிலையைத் தங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2020 நவம்பரில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின், நம் சாலையின் நடுவே தடுப்புத் தகடுகளும் தூண்களும் வந்தன. ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை இரண்டு வழித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்வதால், வளசரவாக்கத்தில் நம் கடை வாசலில் நடக்கும் வேலை மற்ற இடங்களைவிடப் பெரியது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை செல்லும் ரயில் இந்த வழியாக ஓடுவது நம் பகுதிக்கு நல்லதே என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால், சாலைத் தூசி எங்கள் மாவில் கலக்கிறது என்றும், சப்பாத்தி மென்றால் பல்லில் நறநறவென்கிறது என்றும் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. எங்களை மிகவும் வருத்தியது இதுதான். அரவை இயந்திரங்கள் சாலையைப் பார்த்த முன்னறையில் இல்லை. கதவு போட்ட உள்ளறையில் இருக்கின்றன. தானியம் கொட்டும் தொட்டிக்கு மூடி உண்டு. கல்லிலிருந்து வரும் மாவு, வாயில் இறுகக் கட்டிய துணிக்குழாய் வழியாக நேரே தங்கள் தூக்கிலோ டின்னிலோதான் விழுகிறது. தேய்ந்த அரவைக் கல்லைக் கொத்திய அன்று முதலில் வரும் மாவில் கல்துகள் இருக்கும் என்பது அரவைத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கொத்தி முடித்ததும் எங்கள் செலவில் நொய்யைப் போட்டு அரைத்து, அந்த மாவைக் கொட்டிவிட்ட பிறகே வாடிக்கையாளர் தானியத்தைத் தொடுகிறோம். தாங்கள் மல்லியையும் கேழ்வரகையும் சாலையோர மொட்டை மாடியில் காயவைக்கும்போது இப்போதைய தூசி அதன்மேல் படியத்தான் செய்யும். கழுவி, நிழலில் உலர்த்தி, ஒருமுறை புடைத்துக் கொண்டுவந்தால் நல்லது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம். சூடாக வரும் மாவை வீட்டில் ஆறவிடும்போதும் சன்னலைச் சாத்திவிட்டுப் பரப்புங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருப்பவர்கள், தங்கள் கோதுமையை அரைக்கும்போது உள்ளே வந்து நின்று பார்க்கலாம்; செய்தியைப் பரப்புவதற்கு முன் ஒருமுறை வந்து கேட்டிருக்கலாமே என்பதுதான் எங்கள் மனக்குறை.

வீடு தேடி வந்து தானியம் வாங்கிப்போன தம்பி, இந்த நெரிசலில் மிதிவண்டி ஓட்ட முடியாமல் ஊருக்கே போய்விட்டதால் அந்தச் சேவை இப்போதைக்கு இல்லை; அரவைக் கூலியும் மின்கட்டணத்தையொட்டிக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடியிருக்கிறது.

இத்தனை இடைஞ்சலிலும் எங்களை விடாமல் இருப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ராமாபுரத்துக்கும் போரூருக்கும் குடிபோன பிறகும் தீபாவளி முறுக்கு மாவுக்கு இங்கேயே வரும் குடும்பங்களும், படப்பிடிப்புக் குழுக்களுக்குச் சமைத்து அனுப்பும் சாலிகிராமம் சமையற்கூடங்களும், கேசவர்த்தினி நிறுத்தத்தில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு தடுப்புகளைச் சுற்றி நடந்தே வரும் முதிய தாய்மார்களும்தான் இந்த ஆண்டுகளில் எங்கள் கல்லைச் சுழல வைத்தார்கள். அந்தத் தாய்மார்களுக்காக முன்னறையில் நாற்காலிகளும் மின்விசிறியும் போட்டிருக்கிறோம். அவர்களை வரிசையில் நிற்க விடுவதில்லை.

வண்டியில் வருபவர்கள் சாலையில் நிறுத்த இடம் தேட வேண்டாம். பின்தெருவில் உள்ள எங்கள் இரும்புக் கதவு கடை நேரம் முழுவதும் திறந்திருக்கும். கோதுமை, அரிசி, கேழ்வரகு காலையில். மிளகாயும் மசாலாவும் மதியத்துக்கு மேல், தனி இயந்திரத்தில்.

தங்கள் அன்புள்ள,
உரிமையாளரும் பணியாளர்களும்