'கிளுகிளு கரடி'க்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "ஆஸ்திரேலியாவின் கிளுகிளு கரடிகளுக்குப் பாலியல் நோய்! ஒரே ஊசி, இனி குஷிதான்!" என்று சென்ற இதழில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். என் கணவர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். அன்று காலைதான் ஒரு பெண் கோலாவை வனவிலங்கு மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டு, மூன்று தடவை சோப்புப் போட்டும் கையில் வாடை போகாமல் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோலா கரடி இல்லை என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் பிராணி அது. இதை 2020-லேயே எழுதினேன். கடிதம் குப்பைக்கூடையைத் தாண்டவில்லை போலும். அப்போது காட்டுத்தீ சமயம். ஒருவர் கோலாவின் வாயில் பாட்டில் தண்ணீரைச் சாய்த்து ஊற்றும் படத்தை அட்டையில் போட்டு 'மனிதம் சாகவில்லை' என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும், கிண்ணத்தில் வைத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள் என்றுதான் கோலாக்களை மீட்கப் போகும் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். மனிதம் பிழைத்தது சரி, கோலா பிழைத்ததா என்று ஒரு வரி உண்டா? அதற்கும் முன்னால் ஒரு பொங்கல் மலரில் தேவாங்கின் படத்தைப் போட்டு 'கோலா' என்றீர்கள். கடவூர்க் காட்டில் இருக்கும் நம்மூர்ப் பிராணியையே அடையாளம் தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரான பெட்ரியின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வேலியோரம், பட்டப்பகலில், நான் சொன்ன அந்தப் பெண் கோலா தரையில் உட்கார்ந்திருந்தது. மரத்தை விட்டு இறங்கி அப்படி உட்கார்ந்தாலே நல்ல அறிகுறி இல்லை. இரண்டு கண்ணும் சிவந்து புடைத்து, சீழ் காய்ந்து இமை ஒட்டிக்கிடந்தது. பின்பக்க ரோமம் பழுப்பாக நனைந்து சடைபிடித்திருந்தது. இங்கே இதை 'டர்ட்டி டெயில்' என்பார்கள்; இத்தனைக்கும் கோலாவுக்கு வால் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சிறுநீர்ப்பை புண்ணாகி, அடக்க முடியாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். துணிக்கூடையைக் கவிழ்த்து மூடினேன். ஓடக்கூட முயலவில்லை. ஸ்கேனில் சினைப்பை இரண்டு பக்கமும் நீர்க்கட்டி. இனி குட்டியும் கிடையாது, குணமும் கிடையாது என்று மருத்துவர் கருணைக்கொலை ஊசி போட்டார். உங்கள் 'குஷி' ஊசி இல்லை ஐயா, அது வேறு.

கிளமிடியா பெக்கோரம் என்ற பாக்டீரியா செய்கிற வேலை இது. இணை சேரும்போது பரவுவது உண்மைதான். ஆனால் ஆறு மாதக் குட்டி என்ன 'கிளுகிளு' செய்தது? யூகலிப்டஸ் இலை செரிப்பதற்கான நுண்ணுயிர்கள் வேண்டும் என்பதற்காகக் குட்டி தாயின் இளகிய மலத்தைத் தின்னும். அந்த வழியாகவும் தாயிடமிருந்து தொற்றுகிறது என்கிறார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியாதான் மனிதர்களுக்கு டிரக்கோமா என்ற கண்நோயைத் தருவது. எங்கள் அப்பத்தாவுக்கு அது இருந்தது. இமைமுடி உள்பக்கமாகத் திரும்பிக் கண்ணைக் கீறும். ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்ணை வெளிச்சத்தில் நான்தான் சாமணத்தால் பிடுங்கிவிடுவேன். இந்தியாவில் அந்த நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2024-ல்தான். அப்பத்தாவின் கண்ணைப் பார்த்து யாரும் துணுக்கு எழுதவில்லை.

'ஒரே ஊசி' பற்றியும் சொல்லியாக வேண்டும். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தார் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. ஒரு டோஸ் போதும். காட்டுக் கோலாக்களில் இந்நோயால் வரும் சாவு 65 சதவீதமாவது குறைகிறது என்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போடுவது யார்? கோலா கியூவில் வந்து நிற்காது. உயர மரத்தின் உச்சியில் இருப்பதை, நீளக் கழியில் பிளாஸ்டிக் பை கட்டித் தலைக்கு மேலே ஆட்டி ஆட்டி, கீழே இறங்க வைக்க வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும். சில சமயம் அரை நாள் போய்விடும், அதுவோ பக்கத்து மரத்துக்குத் தாவிவிடும். பிடித்த பிறகு கண்ணிலும் பிறப்புறுப்பிலும் பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பிசிஆர் பார்க்க வேண்டும். கொரோனாவில் நம் மூக்கில் விட்டார்களே, அதே சோதனைதான். ஏனென்றால் கொழுகொழுவென்று இருப்பதும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தொற்று இருந்தால் வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். அந்த மருந்து வயிற்றில் இலையைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவதால், நோய் போய்ப் பட்டினியால் செத்தவையும் உண்டு. இதெல்லாம் கட்டத்துக்குள் அடங்காதுதான்.

மரத்தையும் சொல்லிவிடுகிறேன். குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதியிலும் 2022 பிப்ரவரியிலேயே கோலாவை அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவித்தாயிற்று. எங்கள் தெருவுக்குப் பின்னால் மரங்களை வெட்டிவிட்டு வந்த குடியிருப்பின் பெயர்ப்பலகையில் ஒரு கோலா சிரிக்கிறது. அங்கே மனை வாங்கியவர்களில் நம் தமிழர்களும் இருக்கிறார்கள், என் நாத்தனார் உட்பட. இடம் சுருங்கினால் நெருக்கம் கூடும், நாய் கடிக்கும், கார் அடிக்கும், நோயும் சுலபமாகத் தாவும். கிரகப்பிரவேசத்தன்று இதைச் சொன்னதற்கு இன்றுவரை அவள் என்னோடு பேசுவதில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், பொடி எழுத்தில் ஆனாலும் சரி, 'கோலா கரடி அல்ல, சென்ற இதழின் தலைப்புக்கு வருந்துகிறோம்' என்று இரண்டு வரி போடுங்கள். படம் போடுவதாக இருந்தால் தேவாங்கு வேண்டாம்.

சந்தா புதுப்பிக்கச் சொல்லித் தங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று மின்னஞ்சல் வந்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்ததும் பணம் கட்டுகிறேன்.

இப்படிக்கு,
பத்தொன்பது வருஷ வாசகி,
பெட்ரி, குயின்ஸ்லாந்து