சிகாகோவிலிருந்து மேஸ்திரி அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று என்று தம்பி சொன்னான். கோபிப் பக்கம் இந்நேரம் நாற்று நடவு ஆரம்பித்திருப்பார்கள்.

"சைட்டுக்கே போகாம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தா அது என்ன இன்ஜினியர் வேலை கண்ணு?" என்று கேட்டீர்களே, அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சைட்டுக்கும் போகிறேன், ஆனால் என் வேலையில் முக்கால்வாசி காற்றோடுதான். நீங்கள் வீடு கட்டும்போது பாரத்தைத்தான் பார்ப்பீர்கள். மேலே எத்தனை மாடி, கீழே களிமண்ணா சுக்கானா, பில்லர் தாங்குமா. இங்கே நாற்பது ஐம்பது மாடி போகிறபோது பாரத்தைச் சமாளித்துவிடலாம், பக்கவாட்டில் தள்ளுகிற காற்றுதான் தலைவலி. பில்லரையும் பீமையும் மட்டும் நம்பி அதைத் தாங்கப் பார்த்தால், உயரம் ஏற ஏற இரும்புச் செலவு எகிறிவிடும்.

இதற்கு வழி கண்டவர்களில் பெரியவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் கான். 1952இல் உதவித்தொகை வாங்கிக்கொண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மூன்றே வருடத்தில் இரண்டு முதுகலைப் பட்டம், ஒரு முனைவர் பட்டம். 1955இல் இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாரு மண் சுமந்த பவானிசாகர் அணை கட்டி முடிந்ததும் அதே வருடம்தான். பில்லர்களை உள்ளே பரப்பி வைக்காமல் வெளிச்சுவரில் நெருக்கி நிறுத்தி, கட்டடம் முழுவதையும் ஒரே குழாயாகக் காற்றுக்கு எதிரே நிற்கவைத்தது அவருடைய யோசனை.

அவர் கணக்குப் போட்ட 100 மாடிக் கட்டடம் ஒன்று இங்கே இருக்கிறது, ஜான் ஹான்காக் என்பது அதன் பழைய பெயர். அதன் வெளிப்புறத்தில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாக இரும்பு குறுக்கே ஓடும். நம் மாடி வீட்டுக்குச் சதுர அடிக்கு நாலு கிலோ கம்பி என்று கணக்குப் போடுவீர்களே, அந்த 100 மாடிக்கும் சேர்த்தே சதுர அடிக்குப் பதிமூன்று, பதிமூன்றரைக் கிலோ இரும்புதான் ஆனது. முதலில் படித்தபோது கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன்.

1973இல் உச்சி எட்டிய சியர்ஸ் டவர் 110 மாடி, இப்போது அதற்கு வில்லிஸ் டவர் என்று பெயர். 75 அடிச் சதுரக் குழாய்கள் ஒன்பதைக் கரும்புக் கட்டு மாதிரி சேர்த்து நிறுத்தியிருக்கிறார். 50ஆவது மாடியில் இரண்டு நின்றுவிடும், 66இல் இரண்டு, 90இல் மூன்று. மிச்சம் இரண்டு மட்டும் உச்சி வரை போகும். 1998 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான் என்றார்கள். கான் 1982இல், 52 வயதில், ஜெட்டாவில் காலமானார். அந்த டவர் பக்கத்துத் தெரு முனையில் அவர் பெயரில் பலகை வைத்திருக்கிறார்கள். இன்ஜினியர் பெயரில் தெரு! நம் பக்கம் கட்டியவன் பெயர் நிலைத்தது காலிங்கராயன் வாய்க்காலுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

என் கதை அவ்வளவு பெரிதில்லை. கட்டடம் தாங்குமா என்று கணக்குப் போடுகிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு இல்லினாயில் 1915லேயே தனி உரிமம் கொண்டுவந்துவிட்டார்கள். வரைபடத்தில் யார் முத்திரையோ, அவர்தான் பொறுப்பு. நான் போடும் கணக்கை சீனியர் வரிக்கு வரி பார்த்துவிட்டுத் தன் முத்திரையை வைக்கிறார். உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு அரிசிம்பருப்பு செய்வேன். இங்கே கிடைக்கிற நெய் பரவாயில்லை, ஆனால் நம் வீட்டு நெய் மணம் இல்லை.

சரி, தம்பிக்குக் கட்டுகிற வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பில்லரின் பெரிய கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்கின் கொக்கியை வெறும் 90 டிகிரியில் மடக்கி விடவேண்டாம், 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொல்லுங்கள். கட்டடம் பக்கவாட்டில் ஆடினால் மேல் காங்கிரீட் உதிரும், 90 டிகிரிக் கொக்கி வாய் திறந்துவிடும், உள்ளே நிற்கிற பெரிய கம்பி வெளியே பிதுங்கிவிடும். பில்லரின் தலையிலும் அடியிலும் ரிங்கை நெருக்கிப் போடவேண்டும். "நம்மூருக்கு ஏது பூகம்பம்?" என்பீர்கள். 1900 பிப்ரவரியில் கோயமுத்தூரில் ஆறு ரிக்டர் அளவுக்கு வந்திருக்கிறது அப்பா. இந்த மடக்குக்குக் கூடுதலாகப் போகிற கம்பி, மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

அப்புறம், காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், ரிங் கட்டியதை நாலு பக்கமும் போட்டோ எடுத்துத் தம்பியை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் மிக்ஸர் வரவேண்டாம். கம்பி கட்டுகிற அண்ணன் கோவித்துக்கொண்டால் பழியை என் மேலேயே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்