அரை ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு புளி?

வேலூர்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை மாலை

ஏட்டி,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. முட்டுவலிக்கு ஒத்தடம் கொடுப்பதாக எழுதியிருந்தாய். படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே வடகத்தை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறியதையும் நீயேதான் எழுதியிருந்தாய். உன்னைத் திட்ட இரண்டு பக்கம் வேண்டும். இந்தக் கடிதத்தில் இடமில்லை, ஏனென்றால் நான் சமைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

சிரிக்காதே. பாளையங்கோட்டை ஹாஸ்டலில் பால் காய்ச்சுகிறேன் என்று போய் பாத்திரத்தைக் கரியாக்கினவளேதான்.

உனக்குத் தெரியும், 1986-இல் இந்த வீட்டுக்கு வந்தேன். அத்தை அடுப்படியை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். காலையில் காயை நறுக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். வண்டி வண்டியாகக் கத்தரிக்காய் நறுக்கியிருப்பேன். ஒரு கரண்டி குழம்புக்குக்கூட உப்புப் போட்டதில்லை. அத்தைக்கு அப்புறம் சமையலுக்கு ஒரு அக்கா வந்தார்கள். இவர் போன பிறகும் அவர்கள் கைச்சாப்பாடுதான். போன தையில் அவர்கள் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். ‘போன்ல ஆர்டர் பண்ணிக்கோம்மா’ என்றான் பையன். இரண்டு வாரம் ஓட்டல் சாம்பார் சாப்பிட்டேன். அதற்குமேல் வயிறு ஒத்துழைக்கவில்லை.

ரிட்டையர் ஆனபிறகு பொழுதுபோகாமல் கொல்லையில் போட்ட தோட்டம் இருக்கிறதே, அதுதான் கை கொடுத்தது. கை கொடுத்தது என்று சொல்வதா, காலை வாரியது என்று சொல்வதா தெரியவில்லை. முதல் நாள் அரைக்கீரை. அறுத்து, ஆய்ந்து, அலசி வாணலியில் போட்டால் மலைபோல் நிற்கிறது. அந்த மலையைப் பார்த்து உப்புப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அது ஒரு கைப்பிடியாகச் சுருண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. கணக்கு டீச்சர் நான், கீரை வெந்தால் வற்றும் என்று தோன்றவே இல்லை, பார். இப்போது முதலில் வதங்க விட்டு, மிச்சத்தைப் பார்த்துத்தான் உப்பு.

அடுத்த தகராறு தாளிப்பில். வீட்டில் இருந்ததெல்லாம் எட்டுப் பேருக்கு அத்தை வாங்கின பாத்திரம். அந்த வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் நாலாபக்கமும் ஓடிவிடும். கடுகு முங்கவேயில்லை. பாதி கருகியது, பாதி அப்படியே கிடந்தது. ஒரு கையால் வாணலியைச் சாய்த்துப் பிடித்து, எண்ணெயை ஒரு மூலைக்குக் கொண்டுவந்து ஒரு மாசம் தாளித்தேன். அப்புறம் ஒரு தாளிப்புக் கரண்டி வாங்கினேன், இரும்பில். இத்தனை வருஷத்தில் நான் எனக்கென்று வாங்கிய முதல் பாத்திரம் அதுதான். நகை வாங்கினால்கூட இப்படி எடுத்து எடுத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

தோட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மூன்று முள் கத்தரி. இலவம்பாடிக் கத்தரி என்று இந்தப் பக்கம் பெயர். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த ஜாதி. காம்பில் மட்டுமில்லை, தண்டிலும் இலையிலும் முள். பறிக்கப் போனால் ரத்தம் பார்க்காமல் வருவதில்லை. ஆனால் எண்ணெயில் வதக்கினால் வெண்ணெய் மாதிரி கரையும், அதனால் மன்னித்துவிடுவேன். ஆவணியில் நட்டேன், ஐப்பசி பாதியிலிருந்து காய்க்கிறது. நடுவில் கொழுந்து நுனி ஒவ்வொன்றாய்த் தலை தொங்கியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து ஒரு நுனியைக் கிள்ளிப் பிளந்து காட்டினார், உள்ளே புழு. தொங்குகிற நுனியை அன்றன்றைக்கே கிள்ளி அழித்துவிட வேண்டுமாம், விட்டால் அடுத்தது காய்க்குள் போகும். அதிலிருந்து காலையில் காபிக்கு முன்னால் அதுதான் வேலை.

அப்புறம் பெரியகுளத்து பி.கே.எம்.1 முருங்கை ஒன்று, விதை போட்டு ஆறு மாசத்திலேயே காய்த்தது. வெண்டை நாலு செடி. பந்தலில் அவரை. கொத்தவரங்காயும் உண்டு. இங்கே சீனியவரை என்று சொன்னால் சீனி போட்டுச் செய்வதா என்று கேட்கிறார்கள்.

ஒரு ஆளுக்குத் தோட்டம் என்பது என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு மூன்று வெண்டைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு பிடி அவரை. எதுவும் ஒரு வெஞ்சனத்துக்குத் தேறாது. இன்னும் இரண்டு நாள் சேரட்டும் என்று விட்டால் வெண்டை முற்றி, நுனியை ஒடித்தால் ஒடியாமல் வளைகிறது. மாட்டுக்குத்தான் போட வேண்டும். அதற்கு நேர்மாறாக ஒரு நாள் புடலங்காய் ஒன்றே ஒன்று, கை நீளத்துக்கு. கூட்டு, பொரியல், மறுபடியும் கூட்டு என்று நாலு நாள் தின்றேன். ஐந்தாம் நாள் விதையைத் துவையல் அரைத்தேன். அது நன்றாகவே இருந்தது, உனக்குத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி அஞ்சும் மூணுமாய்க் காயைத் தட்டில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உங்கள் வீட்டுக் கூட்டாஞ்சோறு ஞாபகம் வந்தது. லீவு நாளில் உங்க அம்மா பெரிய உருளியில் கிளறுவார்களே, மேலே முருங்கைக்கீரையைத் தூவி. கூழ்வடகத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு நாம் எத்தனை தடவை வாங்கித் தின்றோம்! இந்த வீட்டில் அதைச் செய்ய ஆளில்லை. நானும் கேட்டதில்லை. அத்தையின் கத்தரிக்காய்க் கொத்சு ருசியாகத்தான் இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் சேர்த்து அரைக்கிற வாசனை என் அடுப்படியில் இத்தனை வருஷத்தில் வந்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

செய்தேன். அரை ஆழாக்கு அரிசி, ஒரு பிடி துவரம்பருப்பு, மேலே சொன்ன காய் எல்லாம், ஒரு முருங்கைக்காய். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் புளியையும் கரைத்து ஊற்றி அடுப்பில் வைத்தேன். முக்கால் மணி நேரமாகியும் பருப்பு முழிக்கிறது. அரிசி நறுக்கென்கிறது. புளிப்பில் பருப்பு வேகாது என்று நான் நறுக்கிய காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. வாசனை மட்டும் அப்படியே உங்கள் வீட்டு வாசனை. ஒரு தட்டு நிறையப் போட்டு, பருப்பைக் கடித்துக் கடித்துச் சாப்பிட்டேன். மிச்சத்தை எட்டிப்பார்த்த எதிர்வீட்டுப் பெண் ‘சாம்பார் சாதமா ஆன்ட்டி?’ என்றாள். சண்டைக்கே போயிருப்பேன்.

அதனால் எனக்குப் பதில் வேண்டும். அரை ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு புளி? எலுமிச்சங்காய் அளவு என்று எழுதாதே, அது பத்துப் பேருக்கு. புளித்தண்ணீர் விடுவது பருப்பு வெந்த பிறகா, அரிசியும் வெந்த பிறகா? அரைத்த மசாலா அதற்கு முன்னா, பின்னா? மழைக்கு முருங்கைக்கீரை கசக்கிறது. கீரையைக் குறைக்கவா, அடியோடு விட்டுவிடவா? மாங்காய் போடுவீர்களே, அதைச் சித்திரையில் பார்த்துக்கொள்கிறேன்.

இதோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், முள் கத்தரி விதை. செடியிலேயே மஞ்சளாய்ப் பழுக்க விட்டு எடுத்தது, சாம்பல் புரட்டி நிழலில் காயவைத்திருக்கிறேன். மார்கழிக் கடைசியில் நாற்று விடு. மாடியில் வேண்டாம், கீழே முற்றத்திலேயே இரண்டு தொட்டி வை. நீ படி ஏறினால் எனக்குத் தெரிந்துவிடும், உன் மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

புளிக் கணக்கைப் போனில் சொல்லாதே. எழுதி அனுப்பு, அடுப்புக்கு மேலே ஒட்டி வைக்க வேண்டும்.

உன்,
பால் கரித்தவள்