வாய்க்காலில் தண்ணீர் வந்தாச்சு, குடிநீரைக் கவனியுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மேட்டூர் திறந்து நடவு ஆரம்பித்ததில் சந்தோஷம். ஆனால் இப்போதுதான் நம் டெல்டாவில் நிலத்தடி நீர் மேலேறி, கழிப்பறைக் குழியின் ஊறல் அடிபம்பில் கலக்க வாய்ப்பு அதிகம். குழிக்கும் பம்புக்கும் 10 மீட்டர்கூட இடைவெளி இல்லாதவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம், தெருக்குழாயில் பிடித்துத் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

அப்புறம் மேல்நிலைத் தொட்டி. பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும், தொட்டியடியில் மட்டும் சோதித்துப் பயனில்லை.

ஞாயிறு காலை தொட்டி கழுவுகிறோம். சனி இரவே குடங்களில் பிடித்து மூடி வையுங்கள், முடிந்தவர்கள் தேய்க்கும் பிரஷோடு வாருங்கள்.