இட்லிப் பொடியும் எள்ளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் நம்மவர் நடத்தும் மளிகைக் கடைகளுக்கு இட்லிப் பொடி அனுப்பத் தொழில் தொடங்க நினைக்கும் காட்பாடி, குடியாத்தம் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண் (இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீடு) ஆன்லைனில் 500 ரூபாய்க்குக் கிடைத்துவிடும். சரக்கு சிக்குவது லேபிளில்தான். 2023 ஜனவரி 1 முதல் அங்கே எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். எனவே பொட்டலத்தில் அதை ஆங்கிலத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும். பெருங்காயத்தை யாரும் யோசிப்பதில்லை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால், அதுவும் ஒவ்வாமைப் பொருள் என்பதால் கோதுமையையும் எழுதுங்கள். கோதுமை அரைத்த ஊர் மெஷினில் பொடி அரைத்தாலும் இதே சிக்கல்தான். தனி மிக்சியோ சிறு மெஷினோ வைப்பது நல்லது.

வறுத்த பருப்பைத் தாம்பாளத்தில் பரப்பி, தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு அரையுங்கள். சூட்டோடு கட்டினால் பொட்டலம் உள்ளே வியர்த்துப் பொடி கட்டிதட்டும், பூசணம் பிடிக்கும். எள்ளைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். அதிகம் அரைத்து எள்ளிலிருந்து எண்ணெய் கசிந்தால் கடைக்குப் போய்ச் சேருமுன் சிக்கு வாடை வந்துவிடும்.

தயாரிப்பிடத்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் பதிய வேண்டும்; இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு சரக்கும் அங்கே போய்ச் சேருமுன் எஃப்.டி.ஏ.வுக்கு முன்னறிவிப்பும் தர வேண்டும்.

மாவட்டத் தொழில் மையம் தன் பயிற்சியில் கடன் படிவத்தோடு இந்த லேபிள் வேலையையும் ஒருநாள் சொல்லித்தர வேண்டும்.

வாசகர்,
காட்பாடி