சாயங்காலத் தமிழ் வகுப்பு

சத்துவாச்சாரி,
வேலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் வந்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம்டா. இங்கே வெயில் எப்படி என்று கேட்காதே, நீயும் இந்த ஊரில் வெந்தவன்தான்.

சாயங்காலத் தமிழ் வகுப்பை விட்டுவிட்டால் கட்டுரை எழுத நேரம் கிடைக்குமே என்கிறாய். வீட்டிலும் அதேதான் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, வகுப்பை விட்டால் வைத்தியத்தில் பாதியை விட்ட மாதிரி இருக்கும்.

வருபவர்கள் கேரளா, மிசோரம், பீகார் என்று வெளியூர் டாக்டர்களும் நர்சுகளும். நான் அ, ஆ-வில் தொடங்குவதில்லை. முதல் பாடமே வலி. நம் ஜனங்கள் 'வலிக்குது' என்பதோடு நிறுத்துவார்களா? குத்துது, குடையுது, இழுத்துப் பிடிக்குது, மதமதன்னு இருக்குது என்பார்கள். சர்க்கரை உள்ளவர் பாதம் மதமதக்கிறது என்றால் நரம்பைப் பார்த்தாக வேண்டும். அடுத்த பாடம் கேள்வி கேட்பது. 'மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?' என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'நேத்து ராத்திரி எந்த மாத்திரை போட்டீங்க?' என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அப்புறம், குடியாத்தத்துப் பாட்டியிடம் 'நீ உட்காரு' என்று சொல்லிவிட்டால் போச்சு. அதற்குமேல் அந்தம்மா வாயே திறக்காது.

ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் இப்போது எங்கு பார்த்தாலும் பெங்காலிப் பலகைதான். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் அவ்வளவு பேர் வருகிறார்கள். பெங்காலிக்கு எனக்கு வாத்தியார் ஓர் ஆட்டோக்காரர். உச்சரிப்பு பிசகினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திருத்துவார். அவ்வளவு கறாராக நான்கூட நடத்துவதில்லை.

வைத்தியம் பார்க்க வந்தவர் நோயாளியின் பாஷையைக் கற்பது நம் வட ஆற்காட்டுக்குப் புதுசு இல்லை. 1853-இல் ஆற்காடு மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பைத் தொடங்கிய ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய நம் ஐடா ஸ்கடருக்குப் பெரியப்பா முறை. வைத்தியமும் பார்த்தார், தமிழிலும் எழுதினார். மதம் பரப்பத்தானே என்பாய். சரி, ஆமாம். ஆனால் அதே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த டாக்டர் சாமுவேல் கிறீனை அப்படி ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. 1847-இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர். மாணவர்களுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார், அதற்கான பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அறுவை சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867-இல், 'கெமிஸ்தம்' 1875-இல். இன்றைக்கு வேதியியல் என்கிறோமே, அதுதான் கெமிஸ்தம். அவர் காலத்துக்கு அப்புறம் இத்தனை வருஷம் ஆகியும், நோயாளியிடம் பேச ஆயாவைக் கூப்பிடும் தமிழ்நாட்டு டாக்டரை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவும் தமிழ் வீட்டில் பிறந்த டாக்டர்! கோபம் வராதா?

எழுத்து மெதுவாகத்தான் போகிறது. கிளினிக்கில் கேட்டதை அப்படியே எழுத முடியாது. பெயரை, ஊரை, தொழிலை எல்லாம் மாற்ற வேண்டும். ஆம்பூர்த் தோல் தொழிலாளியை ஆரணி நெசவாளியாக்கினால் அவருடைய இருமலும் மாறிப்போகிறது, கதையே கெட்டுவிடுகிறது. அந்த மாதிரி இடத்தில் கட்டுரையை மூடி வைத்துவிடுகிறேன்.

உன்னிடம் பழைய உருது அரிச்சுவடி ஒன்று இருந்ததே, இன்னும் வைத்திருக்கிறாயா? இருந்தால் தபாலில் போடு. பேர்ணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வருகிற பெரியம்மாக்கள் தமிழ் நன்றாகவே பேசுவார்கள், வலி அதிகமானால் உருதுக்குப் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் நான் முழிக்கக் கூடாது பார்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய அறைத்தோழன்